வோல்டாவின் அடுக்கு ஊர் சுற்றிய கதை

பாரிஸில் டார்ச் லைட்டுக்குக் கட்டை வாங்கப் போனால் கடைக்காரரிடம் 'பீல்' என்று கேட்க வேண்டும். ரோமில் 'பீலா', இஸ்தான்புல்லில் 'பில்'. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை; பொருள், அடுக்கு. நம் பாடப்புத்தகங்களும் மின்கல அடுக்கு என்றே சொல்லித் தந்தன. ரிமோட்டில் போடுகிற கட்டையை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதில் ஓர் அடுக்கும் தெரியாது. ஆனால் 1800-ல் அது கண்முன்னே நின்றது. தொட்டவரின் கையை உதறவும் வைத்தது.

அதற்கும் மூத்தது பேட்டரி என்ற பெயர். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லெய்டன் ஜாடி, 1740-களின் நடுவில் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் தனித்தனியே பிறந்தது. 1749 ஏப்ரலில் பெஞ்சமின் பிராங்க்ளின், பிலடெல்பியாவிலிருந்து லண்டன் நண்பர் பீட்டர் காலின்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஜாடியைப் போலவே மின்சாரத்தைச் சேர்த்துவைக்க, 11 பெரிய கண்ணாடிப் பலகைகளின் இருபுறமும் ஈயத் தகடு பதித்து ஒன்றாக இணைத்ததையும், அதற்கு 'மின் பேட்டரி' என்று பெயரிட்டதையும் அதில் விவரிக்கிறார். அந்நாளில் பேட்டரி என்றால் பீரங்கி வரிசை. அதே கடிதத்தில் ஓர் ஆற்றங்கரை விருந்துக்கும் திட்டம் போடுகிறார்: வான்கோழியை மின்சாரத்தால் கொன்று, மின்சாரத்தால் சுழலும் கம்பியில் வாட்டி, மின் பேட்டரி துப்பாக்கிகளை வெடிக்கச்செய்ய, ஐரோப்பிய மின் ஆய்வாளர்களின் நலம் வேண்டி மது அருந்துவதாம்! பெயர் பீரங்கிப்படையிலிருந்து வந்ததில் வியப்பில்லை. ஒரே வெடி, அதோடு அந்தப் பேட்டரி காலி. மறுபடி மின்னூட்டம் ஏற்ற வேண்டும்.

நிற்காமல் ஓடும் மின்சாரத்துக்கு வழி பிறந்தது ஒரு சண்டையில். இத்தாலியின் பொலோனியா நகரத்து லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் இரு உலோகங்கள் பட்டதும் துடிப்பதைக் கண்டு, உயிருடலிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெசாண்ட்ரோ வோல்டா முதலில் பாராட்டினார். பிறகு, மின்சாரம் வருவது தவளையிலிருந்து அல்ல, இரு வேறு உலோகங்களின் சேர்க்கையிலிருந்து என்று மறுத்தார். அதை மெய்ப்பிக்கத் தவளையே இல்லாமல் ஒன்றைக் கட்டினார். ஒரு வெள்ளி வில்லை, அதன்மேல் துத்தநாக வில்லை, அதன்மேல் உப்புநீரில் நனைத்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. இப்படி 20, 30, 40 என்று ஏற்றிக்கொண்டே போனார். ஈரக் கைகளால் மேலும் கீழும் தொட்டால் அதிர்ச்சி. விட்டுத் தொட்டால் மறுபடியும் அதிர்ச்சி. மின்னூட்டம் ஏற்றும் வேலையே இல்லை.

1800 மார்ச் 20 தேதியிட்டு, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு வோல்டா பிரெஞ்சு மொழியில் எழுதினார். அதில் அவர் விரும்பி வைத்த பெயர் 'செயற்கை மின் உறுப்பு'. மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனின் உடலிலும் இப்படித்தான் தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கிறது என்பதே அவர் சொன்ன காரணம். தவளையை ஓரங்கட்டியவர் மீனிடம் போய் நின்றது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் அந்தப் பெயரை ஊர் ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது அடுக்கு. அதுவே பெயராக நிலைத்தது.

அது போர்க்காலம். கடிதம் இரண்டு தவணையாக லண்டன் வந்தது. முதல் பக்கங்களை பாங்க்ஸ் நண்பர்களுக்குக் காட்ட, அறுவை மருத்துவர் ஆண்டனி கார்லைல் பொறுக்கமாட்டாமல் ஏப்ரல் 30-க்குள் சொந்தமாக ஒன்று செய்துவிட்டார். வெள்ளி வில்லைக்கு எங்கே போவது? அரை கிரவுன் காசுகள் 17 எடுத்தார். அதே எண்ணிக்கையில் துத்தநாகமும் அட்டையும். கம்பி சரியாகப் படிய மேல்தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டபோது, அவரும் நண்பர் வில்லியம் நிக்கல்சனும் அதில் குமிழிகள் எழுவதைப் பார்த்தார்கள். மே 2-ல் கம்பிகளின் இரு முனைகளையும் ஒரு குழாயில் நிரப்பிய நீருக்குள் விட்டார்கள். நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்தது. வோல்டாவின் கடிதம் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டதோ ஜூன் 26-ல்தான்! அசல் அரங்கேறும் முன்பே நகல் ஒரு கண்டுபிடிப்பை முடித்துவிட்டது.

அடுக்கு உயர உயர ஒரு தொல்லை வந்தது. மேலிருக்கும் உலோகத்தின் எடை கீழிருக்கும் அட்டைகளைப் பிழிந்தது. உப்புநீர் பக்கவாட்டில் வழிந்து ஓட்டம் குறைந்தது. இங்கிலாந்தின் வுல்விச்சில் வில்லியம் குருக்ஷாங்க் தகடுகளை மரத் தொட்டிக்குள் செங்குத்தாக வரிசையில் நிறுத்தி, இடைவெளிகளில் திரவத்தை ஊற்றினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாசிலி பெத்ரோவ் 1802-ல் 4,200 செம்பு, துத்தநாக வில்லைகளைப் படுக்கைவாட்டில் கிடத்தி, கரித்துண்டுகளுக்கு நடுவே கண்கூசும் ஒளியை உண்டாக்கினார். அடுக்கு படுத்துவிட்டது, பெயர் மட்டும் எழுந்து நின்றது. தொட்டிகள் பக்கம்பக்கமாக அணிவகுத்தபோது, ஆங்கிலேயர்களுக்குப் பழைய பீரங்கி வரிசையின் பெயரே வசதியாகப் பட்டது. பேட்டரி அப்படித்தான் ஜாடியிலிருந்து தகடுகளுக்குக் குடிபெயர்ந்தது.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி 1807-ல் அத்தகைய பேட்டரியைக் கொண்டு பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்து, மகிழ்ச்சியில் அறைக்குள் குதித்தாடினார். போட்டியில் பின்தங்க விரும்பாத நெப்போலியன், பாரிஸின் எகோல் பாலிடெக்னிக்கில் 600 ஜோடித் தகடுகள் கொண்ட ஒன்றைக் கட்டச் சொன்னார். 1812-ல் லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகிய 20 வயது இளைஞன் ஒருவனுக்குக் கிடைத்ததோ ஏழு அரைப் பென்னிக் காசுகள். அவற்றின் அளவுக்கே துத்தநாகத்தை வெட்டி, உப்புநீரில் நனைத்த தாளை இடையில் வைத்து அடுக்கி, நண்பனுக்குப் பெருமை பொங்க எழுதினான். அவன் பெயர் மைக்கேல் பாரடே. பேரரசருக்கு 600 ஜோடி தந்ததைவிட இந்த ஏழு காசு உலகத்துக்கு அதிகம் தந்தது என்பேன்.

பிறகு அடுக்கு மெல்லக் கலைந்தது. 1836-ல் ஜான் டேனியலின் கலம், 1866-ல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லான்ஷே நவச்சாரக் கரைசலை ஊற்றிய கண்ணாடி ஜாடி. 1886-ல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அந்தக் கரைசலைப் பாரிஸ் சாந்தில் கலந்து, துத்தநாகக் குப்பியிலேயே அடைத்து, சிந்தாத கட்டையாக்கினார். நம் டார்ச் லைட் கட்டைக்கு அதுதான் முன்னோடி. வோல்டாவின் கட்டுமானத்தை இன்னும் பார்க்க விரும்புகிறவர்கள், சாதாரணக் கார்பன்-துத்தநாக 9 வோல்ட் பேட்டரிகள் பலவற்றின் உட்புறத்தைப் படத்தில் பார்க்கலாம்: ஆறு தட்டைக் கலங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

அடுக்கின் பெயர் இன்னோரிடத்திலும் தலைகாட்டியது. 1942 டிசம்பர் 2-ல், சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில், என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் அணு உலையை இயக்கினார். கிராஃபைட் கட்டிகளும் யுரேனியமும் 57 வரிசைகளாக எழும்பிய அதற்கு ஆங்கிலத்தில் 'பைல்' என்று பெயர். உடன் பணியாற்றிய எமிலியோ செக்ரே தாமும் இத்தாலியர் அல்லவா? ஃபெர்மி தாய்நாட்டின் வோல்டாவை நினைத்தே பெயர் வைத்திருக்கிறார் என்று நம்பினார். பிற்பாடு ஃபெர்மியே சொல்லிவிட்டார்: வோல்டாவை நினைக்கவில்லை, குவியலைக் குறிக்கும் சாதாரண ஆங்கிலச் சொல் அது, அவ்வளவே.