கம்பி போன வழியில் ஒரு நாவலாசிரியர்

நீலகிரியில் முக்குருத்திப் பக்கம் பிறக்கும் பைக்காரா ஆற்றை அங்குள்ள தொதவப் பழங்குடியினர் புனிதமாகக் கருதுகிறார்கள். அதன் நீரைக் குழாய்களில் இறக்கி, மலையடிவாரத்துச் சிங்காராவில் 1932இல் மின்சாரம் எடுத்தது சென்னை மாகாண அரசு. கோவையில் பஞ்சாலைகள் பெருகக் கைகொடுத்தது அந்த மின்சாரம்தான் என்பதைப் பொருளாதார வரலாறு எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவார்கள். தமிழ் நாவலுக்கும் அதன் பலனில் பங்குண்டு என்பேன். பைக்காராவில் தொடங்கிய வேலை மோயாறு, குந்தா என்று வளர, மின்துறைக் குடும்பங்கள் மலையேறின. மின்பொறியாளரான கணவரோடு அப்படி நீலகிரிக்கு வந்தவர் ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் மணமாகி, பெரிய பள்ளிப் படிப்பில்லாமல் எழுத வந்தவர். அந்த மலையில் வாழும் படகர்களின் வாழ்வைச் சொல்லும் அவருடைய ‘குறிஞ்சித்தேன்’ 1963இல் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காக வைத்து, சாமை விளைந்த மண்ணில் தேயிலையும் பணமும் நுழைந்ததை ஒரு ஹட்டியின், அதாவது படகர் ஊரின், உறவுகளுக்குள் வைத்துக் காட்டினார்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை என்று தவிக்கும் இளம் எழுத்தாளர்கள் அவருடைய பட்டியலைப் பார்க்க வேண்டும். கோவாவுக்கு ‘வளைக்கரம்’, சம்பல் பள்ளத்தாக்குக்கு ‘முள்ளும் மலர்ந்தது’, மீனவர்களுக்கு ‘அலைவாய்க்கரையில்’, தூத்துக்குடி உப்பளத்துக்கு ‘கரிப்பு மணிகள்’, வயல் கூலிகளுக்கு ‘சேற்றில் மனிதர்கள்’. ஒவ்வொன்றுக்கும் அந்த மக்களிடம் போனார், கேட்டார், பிறகே எழுதினார். கேட்டு வந்த வாழ்க்கை கையில் இருக்கும்போது ‘அடுத்து என்ன எழுதுவது’ என்ற கேள்விக்கு இடமில்லை. ஊக்கம் எங்கிருந்தோ வந்து இறங்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. வேலைமுறையே அதைத் தந்தது. அடுத்தடுத்து இத்தனை கனமான நாவல்கள் வந்ததற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

கணவரின் வேலை அவரை மலைக்குக் கொண்டுவந்து விட்டது, அது அதிர்ஷ்டம்தானே என்பார்கள். நீலகிரிக்கு அது பொருந்தும். உப்பளத்துக்கு எந்த மாற்றல் உத்தரவும் அவரை அனுப்பவில்லை. அதைவிடக் கனமான குற்றச்சாட்டு, அவர் நாவல்களில் தகவல் கதையை அமுக்குகிறது என்பது. சில பக்கங்களில் அது உண்மை. ஒரு பாத்திரம் வாய் திறந்தால் ஆசிரியரின் குறிப்பேடு பேசுவதும் உண்டு. ஆனால் இது திரட்டியதால் வந்த குறையா? திரட்டியதில் எதை விடுவது என்று முடிவு செய்யாததால் வந்தது. ‘குறிஞ்சித்தேன்’ நிற்கும் இடங்களில் சடங்கின் விவரம் ஒரு மகனின் கடமையாகவோ ஒரு பெண்ணின் ஏக்கமாகவோ மாறிவிடுகிறது; விளக்கமாக மட்டும் தங்கும் இடங்களில் நாவல் தளர்கிறது. ஆகவே களத்துக்குப் போகிறவருக்கு இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது: கேட்டறிந்ததில் பெரும்பகுதியை எழுதாமல் விடுவது.

வெளியிலிருந்து வந்த ஒருவர் படகர் வாழ்வை எழுதலாமா என்ற கேள்வி இதைவிட நியாயமானது. படகர் ஒருவர் உள்ளிருந்து எழுதினால் மொழியும் கோபமும் வேறாக இருக்கும். அதற்கு ஈடாக எதையும் வைக்க முடியாது. ஆனாலும் வெளியாள் என்பதால் ராஜம் கிருஷ்ணன் ஒவ்வொன்றையும் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறந்த ஊரை எழுதுகிறவர் தனக்கு எல்லாம் தெரியும் என்று இந்தப் படியைத்தான் தாண்டிப் போகிறார். மலைமேல் உள்ள கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் விஞ்சுப் பாதையைத் தினமும் பார்த்து வளர்ந்தவரும், அதில் வேலை செய்த முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்ட பிறகே அதைப் பற்றி எழுதத் தொடங்கலாம்.