கற்பாலமும் ஆற்றுக்கடவையும்

பாலம் என்பது ஆற்றைக் கடக்க உதவும் அமைப்பு மட்டுமன்று. அவ்விடத்தே பாதையொன்று இருந்தமைக்கும், அதனைப் பேணிய ஆட்சியொன்று இருந்தமைக்கும் அது சான்றாகும். எனினும் ஈழத்தின் பண்டைப் போக்குவரத்தை ஆராயுமிடத்துத் துறைமுகங்கள் பெறும் கவனத்தைப் பாலங்கள் பெறுவதில்லை.

அநுராதபுரத்திலும் மிகிந்தலையை அடுத்த மகாகனதராவையிலும் பண்டைக் கற்பாலங்களின் எச்சங்கள் உள. கற்றூண்களை நிறுத்தி, அவற்றின்மீது கல் உத்தரங்களைக் கிடத்தி, மேலே பலகைக் கற்களைப் பரப்புவதே அவற்றின் அமைப்பு. கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆதலின் தூண்களை நெருக்கமாக நிறுத்தவேண்டியதாயிற்று. சீனத்தின் சுவான்சௌ நகருக்கு அண்மையில் 1053 முதல் 1059 வரை கட்டப்பெற்ற லுவோயாங் பாலமும் கல் உத்தரப் பாலமே. அந்நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருத்தலின், தமிழ் வணிகரும் அப்பாலத்தை அறிந்திருப்பர் எனக் கருத இடமுண்டு.

கலா ஓயா கடலை அணுகும் எலுவன்குளத்தில் நிலைமை வேறு. தாழ்நிலத்தில் ஓடும் ஆற்றின் குறுக்கே, புத்தளத்தையும் மன்னாரையும் இணைக்கும் பழைய பாதையில் அமைந்தது சப்பாத்துப் பாலமாகும். இராசாங்கனைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட மாரிகளில் வெள்ளம் அதனை மூடிப் பாய்ந்தது, போக்குவரத்தும் தடைப்பட்டது. வெள்ளத்தை எதிர்த்து நில்லாது, அதனைத் தன்மேற் செல்லவிட்டு நிலைத்தலே அதன் இயல்பு.

இப்பாதையின் வரலாற்றுப் பெறுமதி சிறிதன்று. 1344இல் இபுனு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இடம் புத்தளம் என்பர். யாழ்ப்பாண அரசனின் செல்வாக்கு அத்துணைத் தெற்கே பரவக் கடல்வழியோடு கரைவழியும் துணைபுரிந்திருத்தல் கூடும். 1990 அக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலர் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். புத்தளத்திற் குடியேறிய அவர்களுக்குப் பிறந்த மண்ணை நோக்கிய வழியாகவும் இப்பாதை பொருள்பெற்றது.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்க வகைசெய்கிறது. ஆயின், தூண்களைக் காத்து அவை தாங்கிய பாதையை மறப்போமாயின், எஞ்சுவது கற்குவியலே. கல்லில் அமையாத கடவைகளையும் அவற்றைக் கடந்த மக்களையும் பதிவுசெய்தல் வரலாற்று மாணவர் கடனாகும்.