சீவாளி: ஒரு தட்டையின் வரலாறு

வணிகவியல் படிக்கிறவனுக்கு வாத்தியத்தில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள் நண்பர்களே! எங்கள் கீரனூர் பழனிக்குப் பக்கம். தைப்பூசக் காவடியும் நாதஸ்வரமும் காதில் விழாமல் இங்கே யாரும் வளர முடியாது. அந்த ஓசை பிறக்கும் இடம் சீவாளி. இன்று அதன் கதையைப் பார்ப்போம்.

முதலில் கிளாரிநெட். 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் டென்னர் என்பவர் உருவாக்கியது. 19-ஆம் நூற்றாண்டில் நம்மூர் சதிர் மேளத்துக்குள் நுழைந்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக்கி, 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

கிளாரிநெட்டுக்கு ஒற்றைத் தட்டை. சின்ன கிளாரிநெட்டுக்குத் தட்டையும் சின்னது. அது கிடைக்காதபோது வாசிப்பவர்கள் பெரிய தட்டையையே குறைத்துக்கொள்வார்கள். பக்கங்களைத் தேய்ப்பார்கள், தடித்த அடியை நறுக்குவார்கள். நுனியை நறுக்கினால் தட்டை விறைத்துப்போகும், ஏனென்றால் அதிர்வது அந்த மெல்லிய நுனிதான்.

நாதஸ்வரத்திலோ இரண்டு இதழ். நம் வரலாற்றில் இந்தச் சிக்கல் தலைகீழாக வந்தது. முன்பு வழக்கில் இருந்தது திமிரி: குட்டையான குழல், உச்ச சுருதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்தார். குழல் நீண்டால் போதுமா? திமிரிச் சீவாளி பாரிக்குப் பொருந்தாது, பெரிய சீவாளி வேண்டும். அதாவது, குழல் செய்பவர் மாறினால் சீவாளி செய்பவரும் மாற வேண்டும்!

சீவாளிக்குப் பேர்போன ஊரும் திருவாவடுதுறைதான். நாணல் தட்டையைப் பதப்படுத்திக் கையாலேயே செய்கிறார்கள். கிளாரிநெட் தட்டைப் பெட்டியில் 2, 2½, 3 என்று கடினம் அச்சிட்டிருக்கும். சீவாளிக்கு அப்படி எண் கிடையாது. வித்வான் உதட்டில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் தேர்வு செய்வார். நாதஸ்வரத்தில் மாற்றுச் சீவாளிகளும், சரிசெய்யும் ஊசியும் கயிற்றில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது அலங்காரம் அல்ல. கச்சேரி நடுவே ஒன்று மக்கர் செய்தால் அடுத்தது தயார்.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் பாடத்தில் ஒன்று சொல்வார்கள்: இரண்டு பொருள் சேர்ந்தால்தான் பயன் என்றால், ஒன்றின் வரத்து நின்றாலும் மற்றதற்கு மதிப்பில்லை. ஆச்சா மரக் குழல் பல ஆண்டு உழைக்கும், சீவாளியோ தேய்ந்து தேய்ந்து மாற்றப்படுவது. அதைச் செய்யும் கைகளுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காவிட்டால், குழல் இருக்கும், நாதம் இருக்காது.

அடுத்த முறை கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கேட்கும்போது, அந்தச் சின்னத் தட்டையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.