சகலாத்து: தாத்தாவின் கறுப்புக் கோட்டும் ஒரு பழைய சொல்லும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் கறுப்புக் கோட்டை எடுத்து என் மடியில் போட்டார். நல்ல கனம். அந்துருண்டை வாசனை. வலது தோளில் மூன்று ஓட்டை, பூச்சி அரித்தது. "இதே துணி எங்கயாவது கிடைக்குமான்னு பாரேன். ஒட்டுப் போட்டுடலாம்" என்றார். மாசியில் அவருக்குச் சதாபிஷேகம். அன்று சாயங்காலம் வருகிறவர்களைப் பார்க்க உட்காரும்போது இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

இது என்ன துணி என்று கேட்டேன். "காஷ்மீர் கம்பளி" என்றார் அப்பா. "இல்லை, அல்பாக்கா" என்றார் சித்தப்பா. அத்தை மட்டும், "அம்மா இதைச் சகலாத்துன்னுதான் சொல்லுவா" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் சகலாத்து இருக்கிறது. கம்பளித் துணி என்று பொருள். பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் 'சுக்லாத்' என்று உண்டு, ஐரோப்பிய பிராட்கிளாத்துக்கு இந்தியாவில் வழங்கிய பெயர் என்று. ஆங்கிலத்தின் ஸ்கார்லெட்டும் நம் சகலாத்தும் ஒரே குடும்பம் என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. ஸ்கார்லெட் என்பதே முதலில் நிறத்தின் பெயர் அல்ல, ஓர் உயர்ந்த துணியின் பெயர். சிவப்புச் சாயம் அதில் அதிகம் ஏறியதால் பிறகு நிறத்துக்குப் பெயராகிவிட்டது.

சரி, காவிரிக் கரைக்கு இந்தக் கம்பளித் துணி எப்படி வந்தது?

இங்கே ஆடு இல்லாமல் இல்லை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிவந்து வயலில் கிடை போடுவார்கள். ஆனால் அந்த இனங்கள் பெரும்பாலும் முடி ஆடுகள். உடம்பில் இருப்பது குட்டை மயிர், நூற்க உதவாது. திருச்சிக் கருப்பு ஆட்டில் கம்பளி உண்டு. அது முரடு. போர்த்திக்கொள்ளும் கம்பளிக்கு ஆகும், கோட்டுக்கு ஆகாது. ஆக, டெல்டாவில் வயலுக்கு எரு கிடைத்தது, கோட்டுக்குத் துணி கிடைக்கவில்லை. அது கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

வந்தது. 1620-ல் ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் பெற்றார்கள். 1658-ல் நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1749-ல் தேவிக்கோட்டை ஆங்கிலேயருக்கு. எல்லோரும் வந்தது இங்கிருந்து பருத்தித் துணி வாங்கத்தான். பதிலுக்கு அவர்கள் கொண்டுவந்ததில் பெரும்பகுதி வெள்ளி. இங்கிலாந்தில் கம்பளி நெசவாளர்கள் சும்மா இருப்பார்களா? "எங்கள் வெள்ளி போகிறது, எங்கள் துணி போகவில்லை" என்று கூச்சல். 1693-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்டுக்கு இங்கிலாந்தில் செய்த பொருளை ஏற்றுமதி செய்தாக வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்கள். அதில் முக்கியமான சரக்கு பிராட்கிளாத்.

நம் வெயிலில் அதை யார் வாங்குவார்? பல்லக்குக்கு விரிப்பு, யானைக்கு முதுகுப் போர்வை, குதிரைச் சேணம், பிறகு மரியாதைக்குக் கொடுக்கும் வெகுமதி. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், இன்னாருக்கு இத்தனை கெசம் சகலாத்து கொடுத்தார்கள் என்று வந்துகொண்டே இருக்கும். இன்று பொன்னாடை போர்த்துகிற மாதிரி. உடுத்துவதைவிட கொடுப்பதற்கான துணி அது.

இன்னொரு வழியும் இருந்தது. சிப்பாய்களுக்கு ஐரோப்பியத் துணியில் சட்டை தைத்துக் கொடுத்தால் மிடுக்காகவும் இருக்கும், தேங்கிய கம்பளியும் தீரும் என்ற யோசனை 1750களில் கம்பெனிக்குள் ஓடியது. சென்னைப் படைச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு இப்படித்தான் வந்தது. 1773-ல் தஞ்சைக் கோட்டையைப் பிடித்த படையிலும் அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர்கள் இருந்தார்கள். நம் ஊர் ஜனங்கள் சகலாத்து நடந்துவருவதைப் பார்த்தது பெரும்பாலும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். விற்காத சரக்கை யார் முதுகில் ஏற்றினார்கள், எந்த வெயிலில் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இனி துணிக்கு வருவோம். பிராட்கிளாத்தின் ரகசியம் நெசவில் இல்லை, நெய்த பிறகு செய்கிற வேலையில் இருக்கிறது. வேண்டிய அகலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாக நெய்வார்கள். பெயரில் உள்ள 'பிராட்' அதுதான். பிறகு ஈரத்தில் போட்டு, களிமண்ணும் சோப்பும் சேர்த்து, நீர்ச்சக்கரம் ஓட்டுகிற மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். துணி சுருங்கி, பாவும் ஊடையும் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். அதன் மேல் ஒருவகை முள்பூவால் வாரி ரோமத்தை எழுப்பி, கத்தரித்துச் சமன் செய்வார்கள். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு இதற்குப் பேர்போனது. அங்கே ஓடைகள் அதிகம்.

இந்தச் செய்முறை தெரிந்தால் துணியை அடையாளம் காண்பது சுலபம். கோட்டின் மேல் நான் செய்து பார்த்த சோதனைகள்:

முதலில், இழை தெரிகிறதா? அல்பாக்காவில் தெரியும். அது பருத்திப் பாவில் அல்பாக்கா ஊடை ஓட்டியது, லேசு, பளபளப்பு. அந்தக் கால வக்கீல்களின் கோடைக் கோட்டு. தாத்தாவின் கோட்டில் இழையே தெரியவில்லை. சித்தப்பா அவுட்.

இரண்டாவது, தடவிப் பார்ப்பது. மேலிருந்து கீழே வழுவழு, கீழிருந்து மேலே சொரசொர. ரோமம் ஒரே பக்கம் படிந்திருக்கிறது.

மூன்றாவது, தையலுக்குள் வெட்டிய ஓரம். சாதாரணத் துணியென்றால் இத்தனை வருஷத்தில் நூல் பிரிந்து தொங்கும். இது காகிதத்தை வெட்டிய மாதிரி நிற்கிறது.

நான்காவது, நெருப்பு. ஓரத்திலிருந்து இரண்டு இழையைக் கிள்ளிக் கொளுத்தினேன். முடி கருகும் வாசனை, கையால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல். சுத்தக் கம்பளி. பாட்டி சொன்னதே சரி.

இனி வாங்குவது. இங்கேதான் சறுக்கினேன். ஓர் இணையக் கடையில் 'சுத்தக் கம்பளி' என்று போட்டிருந்ததை வாங்கினேன். கொளுத்தினால் உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பாலியெஸ்டர். துணிக்கடைகளில் கேட்டால் சூட்டிங் காட்டுகிறார்கள். அது சீவி முறுக்கிய நூலில் நெய்த மெல்லிய துணி, வேறு ஜாதி. கேட்க வேண்டிய பெயர் 'மெல்டன்'. மீட்டருக்கு 600 கிராமுக்கு மேல் இருந்தால்தான் அந்தக் கனம் வரும். கம்பளிக்குப் பேர்போன கான்பூர் லால் இம்லி ஆலை 1876-ல் தொடங்கியது. இன்று ஓய்ந்து கிடக்கிறது. பழைய முறைச் சிவப்புத் துணியை இங்கிலாந்து அரண்மனைக் காவலருக்கு இன்னமும் நெய்கிற ஹெய்ன்ஸ்வொர்த் 1783 முதல் இருக்கிற நிறுவனம். ஆனால் மூன்று ஓட்டைக்கு யார்க்ஷயரிலிருந்து துணி வரவழைப்பதா?

கடைசியில் கோட்டைக் கும்பகோணத்தில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அறுபது வருஷமாகத் தைக்கிறவர். கோட்டைத் திருப்பி, முன்பக்க உள்மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, வெளியில எதுக்குத் தேடுறீங்க? துணி இதுக்குள்ளயே இருக்கு."

பழைய தையல்காரர்கள் உள்மடிப்பில் தாராளமாகத் துணி விட்டிருப்பார்களாம். வெயில் படாததால் அந்த இடம் இன்னும் கன்னங்கரேல் என்று இருந்தது. தோள் கொஞ்சம் வெளுத்திருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. பரவாயில்லை என்றேன். ஓட்டையைச் சதுரமாக வெட்டி, அதே அளவுத் துண்டை ரோமம் ஒரே திசையில் படிகிற மாதிரி வைத்து, ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துத் தைத்தார். மடிக்கத் தேவையில்லை. நூல் பிரியாத துணி அல்லவா. ஈரத் துணி போட்டு இஸ்திரி வைத்ததும் ரோமம் தையலை மூடிவிட்டது.

மாசி மாசம் அப்பா அதைப் போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை. அத்தை மட்டும் பக்கத்தில் வந்து தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "சகலாத்து" என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு கனத்த கோட்டு இருக்கலாம். கொளுத்திப் பார்ப்பதற்கு முன் வீட்டில் வயசானவர்களிடம் அதன் பெயரைக் கேட்டுவிடுங்கள்.