பல ஸ்விட்சுகள், ஒரே ஸ்விட்ச்: புனேயின் பரம் கணினிகளை இணைப்பின் வழி வாசித்தல்

இந்திய மீக்கணினியின் வரலாறு பெரும்பாலும் ஒரு மறுப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. க்ரே கணினியைத் தர அமெரிக்கா தயங்கியது; 1988இல் புனேயில் விஜய் பட்கர் தலைமையில் சி-டாக் தொடங்கப்பட்டது; 1991இல் பரம் 8000 வெளிவந்தது. கதையில் பிழையில்லை. ஆனால் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது: அக்கணினிகளில் புனேயில் உருவானது எது?

பரம் 8000இன் செயலிகள் பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்து டிரான்ஸ்பியூட்டர்கள். பரம் 8600 இன்டெல் ஐ860ஐயும், பரம் 10000 சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க்கையும், பரம் பத்மா ஐபிஎம்மின் பவர்4ஐயும் கொண்டிருந்தன. தலைமுறைதோறும் செயலிகள் வெளியிலிருந்தே வந்தன. அவற்றை ஒரே கணினியாக இயங்கச் செய்த இணைப்பிலும் மென்பொருளிலும்தான் புனேயின் உழைப்பு பெரிதும் குவிந்தது. எனவே பரம் வரலாறு ஓர் இணைப்புச் சிக்கலின் வரலாறும் ஆகும்: சிறிய ஸ்விட்சுகள் பலவற்றைச் சேர்த்து ஒரு பெரிய ஸ்விட்சாக்குவது எப்படி?

இச்சிக்கல் தொலைபேசிக் காலத்தது. எந்த இணைப்பும் வேறோர் இணைப்பைத் தடுக்காத அமைப்புக்கு, ஒவ்வொரு உள்வழியும் ஒவ்வொரு வெளிவழியையும் சந்திக்கும் சதுர வலை ஒன்றே எளிய தீர்வாக இருந்தது. 10,000 வழிகளுக்கு அதில் 10 கோடி சந்திப்புகள் தேவை. 1953இல் பெல் ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் குளோஸ், சிறிய ஸ்விட்சுகளை மூன்று நிலைகளில் அடுக்கினால் அதே பயனைப் பெறலாம் என்று நிறுவினார். அவரது முறையில் 10,000 வழிகளுக்குச் சுமார் 60 லட்சம் சந்திப்புகள் போதும். 36 வழிகளிலேயே மூன்று நிலை முறை முந்திவிடுகிறது: 1,296க்கு எதிராக 1,188.

1994இல் அறிமுகமான பரம் 9000 இந்தக் குளோஸ் அமைப்பையே கைக்கொண்டு 200 செயலிகள் வரை விரியத்தக்கதாக வடிவமைக்கப்பட்டது. 1998இன் பரம் 10000இல் சி-டாக்கின் சொந்த இணைப்பான பரம்நெட் முதன்முறையாக இடம்பெற்றது. அதன் ஸ்விட்ச் 8 போர்ட்டுகள் கொண்டது, ஒன்றோடொன்று கோக்கத்தக்கது, ஒவ்வொரு போர்ட்டும் இரு திசைகளிலும் விநாடிக்கு 400 மெகாபிட் கடத்தியது.

கோப்பதன் விலையை ஒரு கணக்கால் அறியலாம். இத்தகைய இரு ஸ்விட்சுகளை ஒரே கம்பியால் இணைத்தால் கணினிகளுக்கு 14 போர்ட்டுகள் மிஞ்சும். ஒரு பக்கத்தின் ஏழு கணினிகளும் மறுபக்கத்தோடு ஒரே வேளையில் பேச 2,800 மெகாபிட் வேண்டும். கம்பியோ 400தான் தாங்கும். நெரிசலே இல்லாமல் 32 கணினிகளை இணைக்க வேண்டுமானால், கீழே எட்டும் மேலே நான்குமாக 12 ஸ்விட்சுகளைக் குளோஸ் முறையில் அடுக்க வேண்டும். 96 போர்ட்டுகளில் 64 உள்இணைப்புக்கே செலவாகும். முழு வேகத்தின் விலை அது.

அலுவலக வலையமைப்புகளின் உலகம் இதே கேள்விக்கு வேறு விடை கண்டது. 2003இல் சிஸ்கோ தன் கேட்டலிஸ்ட் 3750 ஸ்விட்சுகளுடன் ஸ்டாக்வைஸ் முறையை அறிமுகப்படுத்தியது. ஒன்பது ஸ்விட்சுகள் வரை பின்புறத் தனிக் கம்பிகளால் வளையமாக இணையும். ஒன்று தலைமை ஏற்கும். நிர்வகிப்பவருக்கு அனைத்தும் ஒரே முகவரியுள்ள ஒரே கருவி. 48 போர்ட் ஸ்விட்சுகள் ஒன்பதைச் சேர்த்தால் 432 கிகாபிட் போர்ட்டுகள்; வளையத்தின் கொள்ளளவோ 32 கிகாபிட். தொடக்க முறையில் ஒவ்வொரு பொதியும் வளையம் முழுவதையும் சுற்றியே நீங்கியது. பின்வந்த ஸ்டாக்வைஸ் பிளஸ், பொதி சேருமிடத்திலேயே அதை நீக்கிக் கொள்ளளவையும் 64 கிகாபிட்டாக்கியது. ஜூனிப்பர் 2008இல் இஎக்ஸ்4200இன் வழி பத்து ஸ்விட்சுகளை 128 கிகாபிட் பின்னிணைப்பால் ஒன்றாக்கியது.

இரண்டும் "பலவற்றை ஒன்றாக்குதல்" என்றே பேசுகின்றன. ஒருமை என்பதற்கு அவை கொள்ளும் பொருள்தான் வேறு. அலுவலக அடுக்கில் ஒருமை நிர்வாகத்தினுடையது. ஊழியர் அனைவரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. வானிலைக் கணிப்பில் நிலைமை நேர்மாறு. ஒவ்வொரு படியிலும் எல்லாக் கணுக்களும் ஒரே வேளையில் எல்லைத் தரவைப் பரிமாறுகின்றன. ஒரு கணு தாமதித்தால் மற்றவை காத்துக் கிடக்கின்றன. அங்கே ஒருமை கொள்ளளவினுடையதாக இருந்தாக வேண்டும். வளையம் மலிவானது, எளியது; ஆனால் இந்தப் பணிக்கு ஆகாதது.

புனேயின் அடுத்த படிகளை இந்த அளவுகோலால் வாசிக்கலாம். 2003இன் பரம் பத்மாவில் பரம்நெட் 2 விநாடிக்கு 2.5 கிகாபிட்டை எட்டியது. 2008இன் பரம் யுவாவில் வந்த பரம்நெட் 3இன் ஸ்விட்ச் 48 போர்ட்டுகள் கொண்டது. ஸ்விட்ச் பெரிதாகுந்தோறும் நிலைகள் குறைகின்றன. உள்இணைப்புக்கு இழக்கும் போர்ட்டுகளும் குறைகின்றன. அந்த ஸ்விட்சுக்கு இட்ட பெயர் 'அன்வய்'. சொற்களைப் பொருள் கூடும்படி இணைத்துக்காட்டுவதை அன்வயம் என்ற நம் உரையாசிரியர் மரபை அறிந்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இன்றும் இந்த வாசிப்பு பழையதாகிவிடவில்லை. 2024இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட பரம் ருத்ரா கணினிகளிலும் செயலி இன்டெல்லுடையதே. சி-டாக் தன் 'திரிநேத்ரா' இணைப்பை 100 கிகாபிட் வேகத்தில் புனேயில் சோதித்திருக்கிறது. சுயசார்பு குறித்த விவாதம் செயலியோடு தொடங்கிச் செயலியோடே முடியும்போது, முப்பதாண்டுக்கும் மேலாகத் தொடரும் இந்த இணைப்புப் பணி ஏட்டில் ஏறாமல் போகிறது. எந்தப் பாகத்தை ஒரு நாடு தானே செய்யத் தேர்ந்தது, ஏன் அதைத் தேர்ந்தது என்று கேட்கும் தொழில்நுட்ப வரலாறு, செயலிகளின் பட்டியலுக்கு முன்னால் ஸ்விட்சுகளின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும்.