ரெண்டாம் தடவை டோக்கியோ: ஒரு தட்டு கரேயும் ஒரு ரயில் எஞ்சினும்

ஜப்பானுக்கு முதல் தடவை போறவங்க கையில அநேகமா ஒரே பட்டியல்தான் இருக்கும். டோக்கியோவில அசகுசா கோவில், கியோட்டோவில தங்கக் கோவில், நாராவில பெரிய புத்தரும் மான்களும், தூரத்துல ஃபியூஜி மலை (மேகம் மனசு வச்சா!). சாப்பாட்டுக்கு சுஷி, ராமென், டெம்புரா. நாங்களும் முதல் தடவை அதைத்தான் செஞ்சோம். எல்லாமே பார்க்கவேண்டியதுதான், சாப்பிடவேண்டியதுதான்.

ஆனா மறுபடி போகும்போது ஒரு சௌகரியம் இருக்கு மக்களே. ஓடவேண்டியதில்லை. ஒரு தட்டு முன்னாடி நிதானமா உட்கார்ந்து, 'இது இந்த ஊருக்கு எப்படி வந்துச்சு?'ன்னு யோசிக்கலாம். அப்படி யோசிச்சதுல டோக்கியோவிலேயே நமக்குச் சம்பந்தப்பட்ட ரெண்டு விஷயம் மாட்டுச்சு. ஒண்ணு சாப்பிடறது, இன்னொண்ணு பார்க்கறது.

முதல்ல சாப்பாடு.

ஜப்பான்காரங்க வீட்டுல அடிக்கடி செய்யற சாப்பாடு சுஷி இல்லைங்க. கரே ரைஸ்! சோத்துக்குப் பக்கத்துல கெட்டியா, லேசான இனிப்போட பழுப்பு நிறக் குழம்பு. ஓரத்துல சிவப்பா ஊறுகாய். நம்ம நாக்குக்கு இது குழம்புன்னு ஒத்துக்க கொஞ்ச நேரம் ஆகும் :-) ஆனா பேரைப் பாருங்க. நம்ம 'கறி' ஐரோப்பாக்காரன் வாயில 'கர்ரி' ஆகி, ஜப்பான்ல 'கரே' ஆயிருக்கு.

இது இந்தியாவில இருந்து நேரா போனதில்லை. இங்கிலாந்து வழியா போச்சு. மெய்ஜி காலத்துல ஜப்பான் மேல்நாட்டைப் பார்த்துப் படிச்சப்ப, சமையலையும் சேர்த்தே படிச்சுது. 1872ல வந்த மேல்நாட்டுச் சமையல் புத்தகங்கள்லயே கரே செய்முறை இருக்கு. 1908ல வந்த கடற்படைச் சமையல் புத்தகத்துலயும் இருக்கு. ஜப்பானோட கடல் தற்காப்புப் படையில வெள்ளிக்கிழமைன்னா கரேதான்னு ஒரு வழக்கமே உண்டு. ஆக, நம்மளை ஆண்டவன் பொடியாக்கி டப்பாவில அடைச்ச சுவையைத்தான் ஜப்பான் தன்னோட சுவையா ஆக்கிக்கிச்சு. (சைவக்காரங்க கவனிக்க: கடையில விக்கிற கரே கட்டியில பெரும்பாலும் மிருகக் கொழுப்பு இருக்கும். கேட்டுட்டு வாங்குங்க.)

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கரே இருக்கு. அதைக் கொண்டு வந்தவர், ஆண்டவன்கிட்ட இருந்து தப்பி ஓடி வந்தவர்.

ஷின்ஜுகு ஸ்டேஷன் கிழக்கு வாசல்ல வெளிய வந்து கொஞ்சம் நடந்தா நகமுராயா. 1901ல ரொட்டிக்கடையா ஆரம்பிச்ச நிறுவனம். இப்ப இருக்கற கட்டடம் 2014ல திறந்தது. பூமிக்குக் கீழே சாப்பாட்டுக்கடை, மேலே ஒரு சின்ன ஓவிய அருங்காட்சியகம். தங்கமணி மேலே, நான் கீழேன்னு பிரியறதா இருந்தோம். கடைசியில பசி ஜெயிச்சு ரெண்டு பேருமே கீழே.

எலும்போட கோழி. குழம்பு தனிக் கிண்ணத்துல, சோறு தனித் தட்டுல. இனிப்பு இல்லை, மாவு கரைச்ச கெட்டித்தனம் இல்லை. நம்மூர்க் குழம்புன்னு சொல்லமுடியாது, ஆனா நம்ம பக்கத்து வீட்டுக் குழம்புன்னு சொல்லலாம். வங்காளத்துப் பக்கம்.

காரணம், ராஷ் பிஹாரி போஸ். 1912 டிசம்பர் 23 அன்னிக்கு டெல்லி சாந்தினி சவுக்குல யானை மேல ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மேல வெடிகுண்டு விழுந்தது ஞாபகம் இருக்கா? வைஸ்ராய் காயத்தோட தப்பினார், பின்னாடி குடை பிடிச்சிருந்தவர் செத்துப்போனார். அந்தத் திட்டத்துக்குப் பின்னாடி இருந்தவர் போஸ். 1915ல கதர் கட்சிக்காரங்களோட சேர்ந்து படையில கலகம் மூட்டப் பார்த்து அது தோத்துப் போக, தாகூரோட உறவுக்காரர்னு பொய்ப் பேர்ல கப்பலேறி ஜப்பான் வந்து சேர்ந்தார்.

அப்ப ஜப்பானும் பிரிட்டனும் கூட்டாளிகள். பிரிட்டன் நெருக்க, அந்த வருஷக் கடைசியில ஜப்பான் அரசு அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிடுச்சு. வெளியே போனா தூக்குதான். தோயாமா மித்சுருன்னு தேசியவாதத் தலைவர் ஒருத்தர். அவர் வீட்டு முன்வாசல் வழியா உள்ள போன போஸ், பின்வாசல் வழியா காணாமப் போயிட்டார். போய் ஒளிஞ்ச இடம் நகமுராயாவோட பின்கட்டு. முதலாளி சோமா ஐஸோவும் அவர் மனைவி கொக்கோவும் மாசக்கணக்கா அவரை மறைச்சு வச்சிருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க. ரொட்டி வித்துப் பிழைக்கிற குடும்பம், பாஷை தெரியாத ஒரு வெளிநாட்டானுக்காக சொந்த அரசாங்கத்தோட உத்தரவையே மீறுது!

நாடுகடத்தல் உத்தரவு விலகின பிறகும் பிரிட்டிஷ் உளவாளிங்க விடலை. இடம் மாத்தி மாத்தி ஒளிஞ்சு வாழ்ந்தார். இவருக்கு ஜப்பானிய மனைவி இருந்தா பாதுகாப்புன்னு யோசனை வர, சோமா தம்பதியோட மூத்த பொண்ணு தோஷிகோ 1918ல அவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ரெண்டு குழந்தைங்க. 1923ல போஸ் ஜப்பான் குடிமகன் ஆனார். 1925ல தோஷிகோ போய்ச் சேர்ந்துட்டார். முப்பது வயசுகூட ஆகலை.

1927ல நகமுராயா சாப்பாட்டுப் பிரிவு ஆரம்பிச்சப்ப, 'அசல் இந்திய கரே'ன்னு இதை வச்சாங்க. செய்முறை போஸோடது. மத்த கடைகள்ல கரே 10, 12 சென் வித்த காலத்துல இது 80 சென்! அப்படியும் கூட்டம். 'காதலும் புரட்சியும் கலந்த சுவை'ன்னு ஜப்பான்ல இதுக்குப் பேர்.

கதை இதோட முடிஞ்சிருந்தா நானும் ஏப்பம் விட்டுட்டு வந்திருப்பேன். போஸ் 1942ல தென்கிழக்கு ஆசியாவில இந்திய சுதந்திர லீக்குக்குத் தலைவரானார். 1943 ஜூலை 4ல சிங்கப்பூர்ல அந்தப் பொறுப்பை நேதாஜி கையில கொடுத்தார். நேதாஜியோட படையில மலாயாத் தோட்டத் தமிழர்கள் எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு நம்ம வீடுகள்லயே கதை உண்டு. அதே வருஷங்கள்ல, அதே தோட்டங்கள்ல இருந்து வேற ஒரு கூட்டமும் கிளம்பிச்சு. அதைப் பார்க்கத்தான் அடுத்த இடம்.

ஷின்ஜுகுவில இருந்து மெட்ரோவில நேரா குதான்ஷிதா. யாசுகுனி கோவில். 1869ல தொடங்கினது, ஜப்பானுக்காகப் போர்ல செத்தவங்களுக்கானது. போர்க்குற்றவாளின்னு தண்டிக்கப்பட்டவங்களையும் அங்கே சேர்த்திருக்கறதால இன்னிக்கும் சர்ச்சைதான். அதோட பக்கத்துல யூஷூகான்னு போர் அருங்காட்சியகம். நுழைஞ்சதும் முன்கூடத்துல பளபளன்னு ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் நிக்குது. சி 56 31.

1936ல ஜப்பான்ல செஞ்சது. சயாம் - பர்மா ரயில்பாதை 1943 அக்டோபர்ல திறந்தப்ப ஓடின எஞ்சின். போருக்குப் பிறகு தாய்லாந்துலயே பல வருஷம் ஓடி, 1979ல முன்னாள் படைவீரர்கள் முயற்சியில ஜப்பானுக்குத் திரும்பி வந்தது.

ஆமாங்க, அதேதான். சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் காட்டுப்பாதை, ஒன்றரை வருஷத்துக்குள்ள. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேல வேலை செஞ்சு, 12 ஆயிரத்துக்கு மேல செத்தாங்க. மலாயாவில இருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல கூலிகள், பெரும்பாலும் தமிழர்கள். மூணு மாச வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது. இலவச சினிமான்னு கூப்பிட்டு அப்படியே ரயிலேத்தினாங்கன்னு உயிர் தப்பினவங்க சொல்லியிருக்காங்க. காலரா, மலேரியா, பட்டினி. திரும்பி வராதவங்க பல்லாயிரம். செத்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில பேர் பொறிச்ச கல்லறை இருக்கு. நம்மாளுங்கள்ல பெரும்பாலோருக்கு பேரோட ஒரு கல்லுகூட கிடையாது.

யாசுகுனி வளாகத்துலயே ஒரு இந்தியருக்கு நினைவுக்கல் இருக்கு. டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில எல்லாரும் நிரபராதின்னு தனித் தீர்ப்பு எழுதின நீதிபதி ராதாபினோத் பால். 2005ல வச்சது. அவரும் ஜப்பான் படை செஞ்ச கொடுமைகள் நடக்கலைன்னு சொன்னவர் இல்லை.

தங்கமணி எஞ்சின் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னாங்க. "எவ்வளவு அழகா துடைச்சு வச்சிருக்காங்க பாருங்க"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை.

ஒரு வேட்டைக்கு பயந்து வந்தவனை உயிரைப் பணயம் வச்சுக் காப்பாத்தின ஊரும் இதுதான். எங்க ஆளுங்களைத் தண்டவாளத்துக்கு அடியில புதைச்ச படையை அனுப்பின ஊரும் இதுதான். ஒண்ணை வச்சு இன்னொண்ணைக் கழிச்சுட முடியாது. அந்தக் கோழிக்கரேயை அடுத்த தடவையும் ருசிச்சுத்தான் சாப்பிடுவேன். எஞ்சின் முன்னாடியும் போய் நிப்பேன்.

நீங்க போனா ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்கோங்க. மதியம் ஷின்ஜுகு, சாயங்காலத்துக்குள்ள குதான்ஷிதா. எஞ்சின் வாசல் கூடத்துலயே இருக்கறதால தேடவேண்டியதில்லை.

போஸ் 1945 ஜனவரியில டோக்கியோவிலேயே இறந்தார், சுதந்திரத்தைப் பார்க்காமலே. ஜப்பான் படையில சேர்ந்த அவரோட மகனும் அதே வருஷம் ஒகினாவாப் போர்ல போயிட்டார். நகரத்துக்கு மேற்கே தாமா கல்லறைத் தோட்டத்துல போஸுக்கும் தோஷிகோவுக்கும் கல்லறை இருக்கு. இந்தத் தடவை அதுக்கு நேரம் கிடைக்கலை. மூணாம் தடவைக்கு ஒரு காரணம் வேணுமில்லையா, அதை வச்சுக்கிட்டோம்.