காந்தத்தில் ஒட்டிய நீலத் திரவம்

1891-ஆம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர் திரவ ஆக்சிஜனை ஒரு பெரிய மின்காந்தத்தின் துருவங்களுக்கு அருகே வைத்தார். வெளிர்நீலமான அத்திரவம் கிண்ணத்திலிருந்து எழும்பித் துருவங்களில் ஒட்டிக்கொண்டது. ஆவியாகித் தீரும்வரை அங்கேயே நின்றது. ஆக்சிஜனுக்குக் காந்த ஈர்ப்பு உண்டென்பதை அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே ஃபாரடே அறிந்திருந்தார். ஏன் என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை.

1916-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜி. என். லூயிஸ், இரு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்றார். பள்ளியில் நாம் வரைந்த கோடுகள் அவ்விணைகளைக் குறிப்பவை. இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவே இரண்டு கோடுகள். ஆனால் இணைசேர்ந்த எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்டவை. அவற்றின் காந்தத்தன்மை ஒன்றையொன்று அழித்துவிடும். அப்படம் முழு உண்மையானால் டூவரின் திரவம் கிண்ணத்திலேயே கிடந்திருக்க வேண்டும்.

1927-இல் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பைக் குவாண்டம் இயக்கவியலால் விளக்கினர். லைனஸ் பாலிங் வளர்த்தெடுத்த அவ்வழியில் அணுக்கள் தம் அடையாளத்தை இழப்பதில்லை. அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஹுண்டும் அமெரிக்காவின் ராபர்ட் முல்லிக்கனும் வேறொரு வழியில் நடந்தனர். மூலக்கூறு உருவானபின் எந்த எலக்ட்ரான் எந்த அணுவுடையது என்று கேட்பதை அவர்கள் விட்டுவிட்டனர். எலக்ட்ரான் மூலக்கூறு முழுவதிலும் பரவியிருக்கும் ஓர் அலை. அணுக்களின் அலைகள் கூடினால் பிணைப்பு ஆர்பிட்டால். ஒன்றையொன்று குலைத்தால் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால். ஹைட்ரஜனின் இரு எலக்ட்ரான்களும் முன்னதில் அமைகின்றன. இரு ஹீலியம் அணுக்கள் சேர்ந்தால் நான்கு எலக்ட்ரான்கள்: இரண்டு கட்டியதை மற்ற இரண்டு அவிழ்த்துவிடும். ஹீலியம் தனித்திருப்பதன் காரணம் இதுவே.

1929-இல் பிரிட்டனின் ஜான் லென்னார்ட்-ஜோன்ஸ் இவ்வழியில் ஆக்சிஜனைக் கணக்கிட்டார். பதினாறு எலக்ட்ரான்களைக் கீழிருந்து அடுக்கினால், கடைசி இரண்டுக்கும் சம ஆற்றலுள்ள இரு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்கள் எஞ்சுகின்றன. ஹுண்டின் விதிப்படி அவை தனித்தனியே அமர்ந்து ஒரே திசையில் சுழல்கின்றன. பிணைப்பில் பத்து, எதிர்பிணைப்பில் ஆறு. வேறுபாட்டில் பாதி இரண்டு. லூயிஸின் இரண்டு கோடுகளும் நிற்கின்றன, காந்தமும் விளங்கிவிடுகிறது.

பாலிங்கும் 1931-இல் மூன்று எலக்ட்ரான் பிணைப்பு என்றொரு விளக்கம் அளித்தார். ஆயினும் அது ஆக்சிஜன் போன்றவற்றுக்கெனத் தனியே சேர்த்த ஏற்பாடு. முல்லிக்கன் வழியிலோ பொதுவிதியே விடையைத் தந்தது. இருந்தும் வேதியியலாளர்கள் நெடுங்காலம் பாலிங்கையே விரும்பினர். கோட்டை வரையலாம், பரவிய அலையைக் கணக்கிடத்தான் வேண்டும், அதற்கோ கணினி வரவேண்டியிருந்தது. பாலிங்குக்கு 1954-இல் நோபல் பரிசு கிடைத்தது, முல்லிக்கனுக்கு 1966-இல். ஹுண்டுக்குக் கிடைக்கவேயில்லை. அவர் நூற்றியொரு வயதுவரை வாழ்ந்து 1997-இல் மறைந்தார்.

அந்த இரு தனித்த எலக்ட்ரான்கள் காந்தத்தோடு நின்றுவிடவில்லை. மரம், காகிதம், நம் தசை ஆகியவற்றின் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இணைசேர்ந்தே இருக்கின்றன. தற்சுழற்சி பொருந்தாத ஆக்சிஜன் அவற்றோடு எளிதில் வினைபுரிய முடிவதில்லை. ஒரு பொறியோ நொதியோ தேவைப்படுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனாகிய காற்றில் நம் நூலகங்களும் நாமும் தானே பற்றியெரியாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வரைவதற்கு எளிதான படத்தில் அந்த இரண்டுக்கும் இடமில்லாதிருந்தது.